சங்கு ஊதாமல் வந்த வெடி

மறுநாள் பேப்பரில் நாலே வரி போட்டிருந்தார்கள். சேர்வராயன் மலையில் லேசான நில அதிர்ச்சி, பூமிக்கு அடியில் அதிக ஆழமில்லாமல் மேலாகவே உண்டானதால் சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது, சில வீடுகளில் பாத்திரங்கள் உருண்டன, மற்றபடி சேதம் இல்லை என்று. டீக்கடை பெஞ்சில் கிடந்ததை என் வீட்டுக்காரர் மடித்து எடுத்து வந்து காட்டினார். படித்தேன். சுருட்டிப் பக்கத்து வீட்டு அடுப்பில் போட்டேன். சேதம் இல்லையாம்! எழுதின மகராசன் ஒரு பத்து நிமிஷம் என் வாசலில் வந்து நின்றிருக்க வேண்டும். இத்தனை வருஷமாகியும் அந்த நாலு வரி மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எனக்கு ஆத்திரம் சீக்கிரம் வரும், மெதுவாகத்தான் போகும். அன்றைக்கு நடந்ததற்கும் அந்தக் குணம்தான் காரணம் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. செம்மநத்தம் போகிற குறுகலான ரோட்டிலிருந்து கீழே இறங்கினால் ஏழு வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. என் வீட்டுக்காரர் காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போகிற லாரி ஓட்டினார். நான் வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைத்தேன். எஸ்டேட் பெண்களுக்கு ரவிக்கை, கிறிஸ்துமஸ் வந்தால் கோயில் பாட்டுக்குழுப் பிள்ளைகளுக்குக் கவுன். எங்களுக்கு ஒரே பெண். அப்போது ஐந்து வயது. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் வீடு கல் வீடு. மேட்டிலிருந்த குவாரியில் உடைத்து வேண்டாமென்று ஒதுக்கின கல்லை, லோடு இல்லாத நாளில் என் வீட்டுக்காரர் லாரியில் போட்டுக்கொண்டு வந்து இறக்குவார். மண்ணைக் குழைத்து அந்தக் கல்லை அடுக்கி, மேலே உத்தரம் போட்டு ஓடு வேய்ந்தோம். மற்ற ஆறு வீடும் மூங்கில் தப்பை வைத்து மண் பூசிய கூரை வீடுகள். கல் வீட்டுக்காரி என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

குவாரி எங்கள் வீட்டுக்கு ஒன்றரை மைல் மேலே. ரோடு அகலப்படுத்தக் கருங்கல் உடைத்தார்கள். தினமும் பகல் பன்னிரண்டுக்கு ஒரு தடவையும், சாயங்காலம் ஐந்துக்கு ஒரு தடவையும் வெடி. வெடிக்கு முன்னால் அங்கே ஒருத்தர் கையால் சுற்றுகிற இரும்புச் சங்கை ஊதுவார். அது மலை முழுக்க அழுவது போலக் கேட்கும். முதல் சங்கு கேட்டதும், அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, போட்டது போட்டபடி உள்ளே ஓடிவிட வேண்டும். எங்கள் பக்கம் சரிவு என்பதால் சில நாள் கல் பறந்து வரும். வெளியே வழியில் மாட்டிக்கொண்டவர்கள் பாறை மறைவிலோ மரத்தடியிலோ குந்திக்கொள்வார்கள். வெடித்த பிறகும் எழுந்துவிடக் கூடாது. பத்துக் குழியில் மருந்து வைத்திருந்தால் ஒன்பது வெடித்து ஒன்று ஏமாற்றிவிட்டுப் பிறகு வெடிக்கும். குவாரி ஆட்கள் போய் ஒவ்வொரு குழியாகப் பார்த்த பிறகு இரண்டாவது சங்கு ஊதுவார்கள். அது கேட்டால்தான் வெளியே வரலாம். ஏழு வீட்டிலும் குழந்தையிலிருந்து கிழடு வரைக்கும் எல்லாருக்கும் இது பழக்கம். சத்தம் கேட்டால் உள்ளே. இரண்டாவது சங்கு கேட்டால் வெளியே.

பாப்பாவுக்கு நான் கட்டிலடியைக் காட்டி வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு எங்கப்பா கொடுத்த பலாப்பலகைக் கட்டில். நாலு ஆள் பிடித்தால்தான் நகரும். ஓட்டை உடைத்துக்கொண்டு கல் உள்ளே வந்தாலும் பலகை தாங்கிக்கொள்ளும் என்பது என் கணக்கு. சுவரோரமாகப் போட்டிருந்த அந்தக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும், இரண்டாவது சங்கு ஊதும் வரை மூச்சு விடக் கூடாது. இதுதான் நான் கற்றுக்கொடுத்தது.

அந்த வருஷக் கோடையில் ஒரு நாள் வெடித்து முடிந்ததும், சங்குக்குக் காத்திருக்காமல் பாப்பா ஒரு கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். ஏமாற்றின குழி ஒன்று அப்போதுதான் வெடித்தது. தேங்காய் அளவு கல் அவளுக்கு நாலடி தள்ளி வந்து விழுந்து மண்ணில் பாதி புதைந்தது. மாதாவே, எனக்கு ஈரக்குலை நடுங்கிப் போயிற்று. வாரி எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டியவள், நான் என்ன செய்தேன்? பளாரென்று அறைந்தேன். அடியாத மாடு படியாது என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இவள் நிஜமாகவே கற்றுக்கொண்டாளா என்று எனக்குச் சந்தேகம். சோதித்துப் பார்த்தேன். ஒரு நாள் வெடி முடிந்ததும், சங்கு ஊதும் முன்பாக, நிலைப்படியில் நின்றுகொண்டு குரலில் தேனைத் தடவிக் கூப்பிட்டேன். "பாப்பா, வாடி கண்ணு, எல்லாம் முடிஞ்சிருச்சு, முறுக்கு தாரேன் வா." குழந்தை சிரித்துக்கொண்டே தவழ்ந்து வெளியே வந்தாள். அடித்தேன். "சங்கு ஊதுச்சா? அம்மாவே கூப்பிட்டாலும் வருவியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். இரண்டு நாள் விட்டு மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வந்தாள். அன்றைக்குக் காப்பிச் செடிக் குச்சியால் அடி. மூன்றாம் தடவை எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. நாலாம் தடவை, "அம்மாவுக்குக் கால்ல அடிபட்டிருச்சு, வாடி" என்று அழுவது போலக் கூப்பிட்டேன். அப்போதும் வரவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, "பாருங்க, என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் வர மாட்டா" என்று கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல வித்தை காட்டினேன் போங்கள்!

எல்லாரும் சிரித்தார்கள், பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் தலைமுறை தலைமுறையாக அந்த மலையிலேயே இருக்கிற குடும்பம். புருஷன் போய்விட்டார், பிள்ளை குட்டி கிடையாது. கொஞ்சம் சாமை, கொஞ்சம் காப்பி, ரெண்டு ஆரஞ்சு மரம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பாப்பா அவரைப் பெரிம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு பாதி நாள் அவர் இடுப்பில்தான் இருப்பாள். இரண்டாவது சங்கு ஊதி வெளியே வந்த பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவர் என் முகத்துக்கு நேரே கேட்டார்.

"ஏனம்மிணி, பொய் சொல்லிக் கூப்புட்டுப் போட்டு, வந்தா அடிக்கறயே. அந்தப் புள்ள இனி உன்ற மூஞ்சிய எப்புடி நம்பும்?"

சரிங்க அக்கா என்று சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே. "உங்களுக்கென்னுங்க தெரியும்? பெத்து வளத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் இடுப்பிலிருந்த என் பெண்ணைக் கீழே இறக்கி விட்டார். "நொம்பச் சரியாச் சொன்ன அம்மிணி. இனி நான் உன்ற வாசப்படி மிதிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. ஆறு மாசம் வேலியைத் தாண்டவில்லை. பாப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசுவாள், அவர் அந்தப் பக்கம் நின்று ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார். என்னிடம் பேச்சு இல்லை. எனக்கும் ரோஷம். போனால் போகட்டும் என்று இருந்தேன்.

மழை முடிந்து காப்பிப் பழம் சிவக்கிற சமயம். அன்றைக்குக் காலையிலேயே குவாரி ஆட்கள் எல்லாரும் மேஸ்திரி வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலம் இறங்கிவிட்டார்கள் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் லோடு எடுத்துக்கொண்டு விடியற்காலையே போய்விட்டார். பதினோரு மணி இருக்கும். பாப்பா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கீழே ஊற்றுக்குப் போனேன்.

குடம் பாதி நிறைந்திருக்கும். டமார் என்று ஒரு சத்தம். காலுக்கு அடியில் யாரோ அடித்தது மாதிரி ஓர் உதறல், பிறகு ஒரு நடுக்கம், பாறையில் வைத்திருந்த குடம் தானாகச் சாய்ந்து தண்ணீர் கொட்டியது. ஒன்று இரண்டு மூன்று எண்ணுவதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. மரத்திலிருந்த காக்கை எல்லாம் கத்திக்கொண்டு பறந்தன. எனக்குத் தோன்றியது இதுதான்: சங்கு ஊதாமலே வெடி வைத்துவிட்டான் பாவி. அதுவும் பதினோரு மணிக்கே. அவனைத் திட்டிக்கொண்டே பாறை இடுக்கில் போய்க் குந்திக்கொண்டேன்.

ஆமாம், குந்திக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கே என்னைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருக்கிறது. பூமி ஆடியிருக்கிறது, வீட்டில் குழந்தை தனியாக இருக்கிறாள், நான் இரண்டாவது சங்குக்காகப் பாறை இடுக்கில் காத்துக் கிடந்தேன். நான் மட்டுமல்ல, ஏழு வீட்டிலும் அப்படித்தான். வெளியே காப்பி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பூமி ஆடினால் வெளியே ஓட வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்குத் தெரிந்த அதிர்வு குவாரி வெடி ஒன்றே ஒன்றுதான்.

பத்து நிமிஷம் இருக்கும். சங்கு ஊதவில்லை. மறுபடி ஒரு சின்ன நடுக்கம். இந்தத் தடவை சத்தமே இல்லை, பாறை மட்டும் என் முதுகில் உராய்ந்தது. வெடி இல்லாமல் பாறை எப்படி நடுங்கும் என்று அப்போதுதான் பொறி தட்டியது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஓடினேன்.

வீடு நின்றுகொண்டுதான் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தபோது ஓடு நாலைந்து சரிந்திருந்தது, அவ்வளவுதான். அப்பாடா என்று இருந்தது. வாசலில் பாப்பா இல்லை. நிலைப்படியில் கால் வைத்து உள்ளே பார்த்தேன். கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவர் வயிறு தள்ளி நின்றது. தினமும் இரண்டு வேளை வெடிக்கு அதிர்ந்து அதிர்ந்து ஏற்கெனவே தளர்ந்து போயிருந்த கல். மழையில் ஊறின மண். மேலே சுவரில் உட்கார்ந்திருந்த உத்தரம் நழுவி, ஒரு முனை கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் வந்து ஊன்றி நின்றது. கட்டில் முன்னாலெல்லாம் ஓடும் கல்லும் குவிந்து, அடியில் ஒரு பக்கம் மட்டும் ஒரு பூனையோ ஒரு குழந்தையோ நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. சுவரிலிருந்து மண் சரசரவென்று உதிர்ந்துகொண்டே இருந்தது.

"பாப்பா!" என்று கத்தினேன். பதில் இல்லை.

என் கத்தல் கேட்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கொத்து வேலை தெரிந்த ஒரு பெரியவர் எங்கள் ஏழு வீட்டில் உண்டு. அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பாய்ந்து போன என்னைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "கட்டலத் தொட்டறாதீங்கம்மா. உத்தரம் அதும்மேலதான் நிக்குது. அசைச்சா சொவுரு மொத்தமா உள்ள உழும்" என்றார். கல்லை அள்ளினாலும் அதே கதிதான் என்றார். மூங்கில் கொண்டு வந்து முட்டுக் கொடுக்கலாம், அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது.

"புள்ள உள்ள இருக்குதா, வெளிய எங்காச்சும் ஓடிருச்சா?" என்று யாரோ கேட்டார்கள். ஒருத்தர் காப்பித் தோட்டத்துக்குள் தேடிப் போனார். நான் மண்ணில் குப்புறப் படுத்து அந்தச் சந்து வழியாகப் பார்த்தேன். இருட்டு. கண் பழகினதும் கடைசி மூலையில், சுவரோரமாக, நான் தைத்த பச்சைப் பாவாடை தெரிந்தது. பாவாடை அசைந்தது. உயிரோடு இருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே.

"பாப்பா, வாடா சாமி. இந்தப் பக்கமா ஊந்துக்கிட்டு வந்துரு. அம்மா இருக்கறேன் பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். வரவில்லை.

கையை உள்ளே விட்டேன். தோள் வரைக்கும் விட்டும் அவள் காலுக்கு ஒரு முழம் எட்டவில்லை. நான் எட்ட எட்ட அவள் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். மேலே இருந்து ஒரு கல் நழுவிக் கட்டில் பலகையில் தொம்மென்று விழுந்தது. பெரியவர் என் காலைப் பிடித்து இழுத்தார். நான் உதைத்தேன்.

கெஞ்சினேன். முறுக்கு தருகிறேன் என்றேன்.  இதே வார்த்தையைத்தானே அன்றைக்கும் சொன்னேன்? "அடிக்க மாட்டேன் கண்ணு, சத்தியமா அடிக்க மாட்டேன்" என்றேன். அழுதேன். அன்றைக்கும் அழுவது போல நடித்துக் காட்டியிருக்கிறேன். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அதை நான் முன்னாலேயே பொய்யாகச் சொல்லி வைத்திருந்தேன். ஒன்று பாக்கி விடவில்லை. நிஜமாகக் கூப்பிட என்னிடம் ஒரு வார்த்தை மிச்சமில்லை. கடைசியில் வழக்கமான என் குரல்தான் வந்தது. "இப்ப நீ வர்றியா, நான் வரட்டுமாடீ?" என்று அலறினேன். பாவாடை இன்னும் சுருங்கிக்கொண்டது.

"சங்க ஊதச் சொல்லுங்க, வந்துரும்" என்று ஒருத்தர் குவாரிக்கு ஓடினார். மேடேறிப் போக ஒன்றரை மைல். அங்கே யாரும் இல்லை, சங்கு இருந்த கொட்டகைக்குப் பூட்டு, பூட்டை உடைக்கக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தேன் என்று அவர் பிறகு சொன்னார். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். இதற்குள் இன்னொரு நடுக்கம் வந்தது. அடுத்த வீட்டு நாய் ஊளையிட்டது. சுவரின் வயிறு இன்னும் ஒரு விரற்கடை முன்னால் வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். 

முட்டுக் கொடுக்க மூங்கில் வந்தது. யார் கொண்டு வந்தது என்று பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் தன் அவரைப்பந்தலைப் பிடுங்கி, காயும் கொடியுமாக மூங்கிலை வேலிக்கு மேல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலியைத் தாண்டவில்லை. முகமெல்லாம் மண். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அவரைக் கூப்பிட்டால் என்ன என்று அப்போதே எனக்குத் தோன்றியது. தோன்றியும் கூப்பிடவில்லை. ஊர் முன்னால், நான் கூப்பிட்டு வராத என் பிள்ளை, அவர் கூப்பிட்டு வந்துவிட்டால்? பிள்ளை சாகப்போகிறது, எனக்கு ரோஷம்! ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சரியாகத்தான் இருக்கிறது. இன்னும் ஐந்து நிமிஷம் நானே மண்ணில் கிடந்து கத்தினேன்.

அப்போதுதான் பாப்பா வாயைத் திறந்தாள். மெல்லிய குரல், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"நீ பொய் சொல்ற. சங்கு ஊதல. வந்தா அடிப்ப."

 நான் எழுந்தேன்.  வேலி வரைக்கும் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. முள்ளுக்குள் கையை விட்டு அக்காவின் காலைப் பிடித்தேன். "நான் சொன்னதெல்லாம் மறந்துருங்கக்கா. என்ற புள்ளையக் கூப்புடுங்கக்கா. நீங்க கூப்புட்டா வருவா. நான் கூப்புட்டா வர மாட்டீங்கறாக்கா..." என்று என்னென்னவோ உளறினேன்.

"எந்திரி. காலப் புடிக்க இப்ப நேரமில்ல" என்றார். வேலியைக் காலால் அழுத்தித் தாண்டினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். பெரியவர் தடுத்தும் நிற்காமல் சந்துக்கு முன்னால் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டார். நான் நிலைப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணு, பெரிம்மா வந்திருக்கறன்."

"பெரிம்மா, சங்கு ஊதுச்சா?"

ஊதிவிட்டது என்று சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"ஊதுல கண்ணு," என்றார் அக்கா. "இன்னைக்கு ஊதாது. இது குவாரி வெடி இல்ல சாமி. பூமி ஆடுது. பூமி ஆடுனா ஊட்டுக்குள்ள இருக்கப்படாது, ஊடு மேல உழுந்துரும். வெளியதான் இருக்கோணும். எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்."

 மேலேயிருந்து மண் உதிர்ந்தது.

"அம்மா அடிக்குமா?"

"தெரியலீங்க சாமி. அடிச்சா நான் குறுக்க நிக்கறன்."

பாவாடை உராய்கிற சத்தம் கேட்டது. முதலில் ஒரு கை வந்தது, பிறகு மண் அப்பின தலை. அக்கா இழுக்கவில்லை. தலையும் தோளும் வெளியே வரும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு இரண்டு அக்குளிலும் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். பாப்பா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. முழங்கையில் கொஞ்சம் தோல் போயிருந்தது, அவ்வளவே. அக்கா எங்கள் எல்லாரையும் தன் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். நாங்கள் போய் உட்கார்ந்து ஒரு படி சோறு வேகிற நேரம்கூட ஆகியிருக்காது, எங்கள் சுவர் தானாகவே உள்ளே சாய்ந்தது. நடுக்கம்கூட இல்லை. ஓடு, உத்தரம், எங்கப்பா கொடுத்த கட்டில் எல்லாம் ஒன்றாய்ப் போயிற்று. தூசு அடங்கின பிறகு கட்டில் இருந்த இடத்தில் கல் குவியல்தான் தெரிந்தது. பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார். கூரை வீடு ஆறும் ஒரு கீறல் இல்லாமல் நின்றன.

மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா வெளியிலேயே கல் கூட்டிச் சாமைச் சோறு ஆக்கினார். அவரைக்காய்க் குழம்பு. பந்தலோடு வந்த காய்தான். எல்லாருக்கும் இலை போட்டார். எனக்குப் போட்ட இலையில் நான் சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையைப் பிடித்தேன். பாப்பா பத்தடி தள்ளி ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். காலையில் குடித்த காப்பியோடு இருக்கிற குழந்தை.

"வா பாப்பா, சாப்பிடலாம்" என்றேன். இந்தக் குரலில் தேன் இல்லை, அதட்டல் இல்லை. என்னிடம் மிச்சமிருந்த குரல் அதுதான்.

அவள் என் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தாள். பசி. எச்சில் விழுங்கினதுகூட எனக்குத் தெரிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. திரும்பி அக்கா முகத்தைப் பார்த்தாள். அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நெசமாத்தான் கூப்புடறா கண்ணு. போ" என்றார்.

அதற்குப் பிறகுதான் எழுந்து வந்தாள். பெற்ற தாய் ஒரு வாய்ச் சோற்றுக்குக் கூப்பிட்டதற்கு இன்னொருத்தர் ஜாமீன் கொடுக்க வேண்டியிருந்தது. என் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். ஊட்டினேன். மென்றாள். ஒவ்வொரு உருண்டைக்கும் அவள் கண் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தது, அது வாய்க்கு வருகிறதா கன்னத்துக்கு வருகிறதா என்று.